‘எவ்வுள்?’ என்னும் வினா: திருவள்ளூர் வட்டார முதியோரும் மருத்துவமனை மனக்குழப்பத் தடுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மறதிநோய் உடைய முதியோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ திடீரென மனம் குழம்புவது உண்டு. மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். இது மறதிநோயின் வேறானது. இதன் ஒரு பகுதியைத் தடுக்க இயலும் என்பது 1999 முதல் சான்றுகளுடன் அறியப்பட்ட செய்தியாகும். இடம், காலம், உடனிருப்போர் ஆகியவற்றை நோயாளிக்கு உணர்த்திக்கொண்டே இருத்தல் தடுப்பு முறைகளுள் முதன்மையானது. திருவள்ளூர் மாவட்டத்திலோ, இடத்தின் பெயர் ஒருவரது வாழ்நாளுக்குள்ளேயே பன்முறை மாறியுள்ளது. எனவே இவ்வட்டாரத்தின் எல்லை வரலாறும் மொழி வரலாறும் நோயாளியின் படுக்கையருகே தேவைப்படும் அறிவாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: டெலிரியம், சன்னி, மறதிநோய், திருத்தணி, கும்மிடிப்பூண்டி, உடனிருப்போர்

1. முன்னுரை

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் ஒரு முதியவரின் வினாவை மையமாகக் கொண்டது. சாலிகோத்திர முனிவரின் குடிலுக்கு முதியவர் ஒருவர் விருந்தினராக வருகிறார். உணவு உண்டு களைத்த நிலையில், தாம் படுப்பதற்கு ‘எவ்வுள்?’ என்று கேட்கிறார். உள் என்பது அறை. முனிவர் தமது அறையையே காட்டுகிறார். வந்தவர் திருமாலே என்பதும், அவர் அங்கேயே கிடந்த கோலத்தில் தங்கினார் என்பதும் புராணச் செய்தி. இவ்வினாவிலிருந்தே ‘திருவெவ்வுள்’ என்னும் தலப்பெயர் தோன்றியது என்றும், அதுவே பின்னர்த் திருவள்ளூர் ஆயிற்று என்றும் மரபு கூறுகிறது. திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய இத்தலத்தின் இறைவனை நோய் தீர்க்கும் வைத்திய வீரராகவர் என்று மக்கள் வழிபடுகின்றனர்.

தலபுராணம் மருத்துவ வரலாற்றுக்குச் சான்றாகாது. ஆயினும் அவ்வினாவும் அதற்குக் கிடைத்த விடையும் கருதத்தக்கன. இன்று மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் முதியவர் பலர் ‘இது எந்த இடம்?’ என்று இரவெல்லாம் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை கிடைப்பதைவிட மயக்க ஊசி கிடைப்பதே மிகுதி. இந்த வினாவை எவ்வாறு கேட்பது, எவ்வாறு விடையிறுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. பெயரும் நோயும்

‘டெலிரியம்’ என்னும் சொல் உழவுத் தொழிலிலிருந்து பிறந்தது. இலத்தீனில் ‘லிரா’ என்பது உழவுச்சால். சாலை விட்டு விலகிச் செல்வதே அச்சொல்லின் வேர்ப்பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய நூலாசிரியர் செல்சசு இச்சொல்லை நோய்நிலையைக் குறிக்கப் பயன்படுத்தினார். நேராகச் சென்றுகொண்டிருந்த ஏர் திடீரெனச் சால் தப்புவதுபோல், நேற்றுவரை ஒரு நிலையில் இருந்த மனம் இன்று தடுமாறுகிறது என்பது இதன் கருத்து.

தமிழ் வழக்கில் இதற்கு நெருங்கிய சொல் சன்னி. வளி, அழல், ஐயம் மூன்றும் ஒருங்கே கெடும் நிலையைக் குறிக்கும் சன்னிபாதம் என்னும் வடசொல்லோடு இது தொடர்புடையது. சன்னி என்ற சொல்லில் திடீர்த்தன்மை இருந்தது. உடல்நோய் ஒன்றே மனத்தைக் கலக்குகிறது என்னும் தெளிவும் இருந்தது. ஆனால் அச்சொல் பல நிலைகளுக்குப் பொதுவாயிற்று. காய்ச்சலில் பிதற்றுவதும் சன்னி. குழந்தைக்கு வரும் வலிப்பும் சன்னி. மகப்பேற்றுக்குப் பின் வரும் கொடுங்காய்ச்சலும் பிரசவ சன்னி. சன்னி கண்டால் பிழைப்பது அரிது என்ற அச்சமும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் தம் மாணவர்களோடு இணைந்து ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872) முதலிய நூல்களை வெளியிட்டார். தமிழ்வழி மருத்துவக் கல்வி தொடர்ந்திருப்பின் சன்னி என்ற சொல்லும் வரையறை பெற்று நிலைத்திருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. மருத்துவமனை ஆங்கிலத்தில் பேசிற்று. மக்கள் வழக்கில் சன்னி காய்ச்சலோடும் வலிப்போடும் நின்றுவிட்டது. காய்ச்சலின்றி மனம் குழம்பும் முதியவரின் நிலைக்கு இன்று வீட்டில் வழங்கும் சொற்கள் ‘புத்தி பேதலித்துவிட்டது’, ‘வயசாயிடுச்சு’ என்பனவே.

இப்பெயர்க் குழப்பம் உயிரோடு தொடர்புடையது. மறதிநோய் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் வளர்வது. டெலிரியம் மணிக்கணக்கில் தோன்றுவது; பகலில் தணிந்து இரவில் மிகுவது; நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்தின் விளைவு, மலச்சிக்கல், வலி போன்ற ஏதோ ஒன்றின் அறிகுறியாக வருவது. கூச்சலிடுவதும் படுக்கையிலிருந்து எழுந்தோடுவதும் இதன் ஒரு முகம். அசைவின்றிச் சோர்ந்து கிடப்பது மற்றொரு முகம். அது எவரையும் தொந்தரவு செய்யாததால் எவர் கண்ணிலும் படுவதில்லை. மறதிநோய் உடையவரிடம் இவ்விரண்டில் எது தோன்றினும் ‘பழைய நோய் முற்றிவிட்டது’ என்று எண்ணுவது எளிது. அவ்வாறு எண்ணும்போது அடிப்படைக் காரணம் தேடப்படாமல் போகிறது. சிறுநீர்த் தொற்றோ நுரையீரல் அழற்சியோ மறைந்து வளர்கிறது.

மறதிநோயே டெலிரியம் வருவதற்கான முதன்மைக் காரணிகளுள் ஒன்று. மறதிநோயின்மேல் ஏறிவரும் டெலிரியம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2002ஆம் ஆண்டு மதிப்பீடு, அதன் அளவு ஆய்வுக்கு ஆய்வு 22 முதல் 89 விழுக்காடுவரை வேறுபடுவதைக் காட்டியது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர் மறதிநோய் உடையோர் என்பது 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு. அதற்கு முன்னரே, திருவள்ளூரை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருப்போரூரில் சிற்றூர் முதியோரிடம் நிகழ்த்திய ஆய்வு (1997) 3.5 விழுக்காடு என்று கணித்தது. கணக்கிடும் முறைகள் வேறு. எனினும் இது நகரத்து நோய் மட்டுமன்று என்பது அன்றே தெளிவாயிற்று.

3. தடுப்பு முறையின் வரலாறு

1980இல் சிபிக்னியூ லிபோவ்ஸ்கி டெலிரியம் குறித்த தனிநூலை வெளியிட்டு, அதனை மூளையின் கடுஞ்செயலிழப்பாக விளக்கினார். இதயமும் சிறுநீரகமும் திடீரெனச் செயலிழப்பதுபோல் மூளையும் செயலிழக்கும் என்னும் இப்பார்வை, இதனை முதுமையின் இயல்பெனத் தள்ளும் வழக்கத்திற்கு எதிரானது. 1990இல் சாரோன் இனோயே குழுவினர் டெலிரியத்தைக் கண்டறியும் எளிய முறையொன்றை வகுத்தனர். திடீர் மாற்றமும் ஏற்றத்தாழ்வும், கவனமின்மை ஆகிய இரண்டும் இருக்கவேண்டும். அவற்றோடு சிந்தனைச் சிதறல், உணர்வுநிலை மாற்றம் என்பனவற்றுள் ஒன்றேனும் இருக்கவேண்டும். ‘திடீர் மாற்றம்’ என்பதை அறிய, முன்பு இவர் எப்படி இருந்தார் என்பதை அறிந்த ஒருவர் தேவை. மருத்துவர் அன்று முதன்முறை பார்ப்பவர். அறிந்தவர் வீட்டார் மட்டுமே.

1996இல் வெளியான இவர்களது ஆய்வு, மருத்துவமனையிலேயே உண்டாகும் ஐந்து தூண்டுகாரணங்களைச் சுட்டியது: உடலைக் கட்டிவைத்தல், ஊட்டக்குறை, புதிதாக மூன்றுக்கும் மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தல், சிறுநீர்க்குழாய் பொருத்துதல், சிகிச்சையால் நேரும் பிற கேடுகள். 1999இல் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலும் உடைய 852 நோயாளிகளிடம் தடுப்பு முறை சோதிக்கப்பட்டது. அறிவாற்றல் குறை, தூக்கமின்மை, அசைவின்மை, பார்வைக்குறை, செவிக்குறை, நீரிழப்பு என்னும் ஆறும் இலக்காக வைக்கப்பட்டன. இடமும் நாளும் எழுதிய பலகை, நோயாளியோடு உரையாடல், நாள்தோறும் நடக்கவைத்தல், இரவில் அமைதி, கண்ணாடி அணிவித்தல், தண்ணீர் அருந்தவைத்தல் போன்றவையே சிகிச்சை. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது, இம்முறையில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது.

இவ்வாய்வின் இரண்டு வரம்புகளை மறைக்கலாகாது. உரையாட இயலாத அளவு முற்றிய மறதிநோயாளர் இதில் சேர்க்கப்படவில்லை. டெலிரியம் ஒருமுறை வந்தபின் அதன் கடுமையை இம்முறை குறைக்கவுமில்லை. முதற்செய்தி, மறதிநோயாளருக்கு உரிய சான்று இன்னும் மெலிதானது என்பது. இரண்டாம் செய்தி, வருமுன் காத்தலே பயன்தரும் என்பது. பின்வந்த தொகுப்பாய்வுகளும் பல கூறுகள் இணைந்த, மருந்தில்லாத் தடுப்பு முறையை ஆதரிக்கின்றன. மறதிநோயாளர் வகையில் உறுதி குறைவு என்பதையும் குறிப்பிடுகின்றன. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல் 65 வயதையும் மறதிநோயையும் இடர்க்காரணிகளாக வைத்து, சேர்க்கும்போதே தடுப்பைத் தொடங்கவேண்டும் என்றது.

4. ஒரு வாழ்நாளில் பெயர் மாறிய நிலம்

இம்முறைகளுள் முதலாவது இடமுணர்த்தல். அது வரலாற்றைச் சார்ந்தது என்பதைத் திருவள்ளூர் மாவட்டம் நன்கு காட்டுகிறது. மறதிநோய்ச் சோதனைகளுள் பரவலான ஒன்று 1975இல் போல்சுடைன் குழுவினர் வகுத்தது. அதன் 30 மதிப்பெண்களில் 10 காலமும் இடமும் பற்றியவை. ‘இது எந்த மாநிலம்? எந்த மாவட்டம்? எந்த ஊர்?’ என்று அது வினவும்.

1940இல் திருத்தணியில் பிறந்து ஊரைவிட்டு நீங்காத ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் பிறந்தபோது ஊர் சென்னை மாகாணத்தில் 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அங்குச் சென்றது. 1956 நவம்பர் 1இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பட்டாசுகர் நடுவராக இருந்து அளித்த முடிவும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் தொடர, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்து செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கிற்று. அதே ஏற்பாட்டில் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. 1969 ஜனவரி 14இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. அப்போது அவருக்கு வயது 57. வீட்டு வாசலைவிட்டு நகராமலே அவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவர்.

பிரெஞ்சு அறிஞர் தியோதூல் ரிபோ 1881இல் ஒரு பொதுவிதியைக் கூறினார்: நினைவு அழியும்போது அண்மையவை முதலில் அழியும், பழையவை நெடிது நிற்கும். அவ்விதிப்படி, மறதிநோய் வந்த அம்முதியவரிடம் மாவட்டத்தைக் கேட்டால் ‘சித்தூர் ஜில்லா’ என்பார். சோதனைத்தாளில் அது பிழை. வரலாற்றில் அது 20 ஆண்டு வாழ்க்கை. இவ்விடத்தில் இருவகைத் தவறுகள் நேரலாம். இவ்விடையைக் கேட்டுத் திடீர்க் குழப்பம் என்று முடிவுசெய்து மயக்க மருந்து கொடுப்பது ஒன்று. நேற்றுவரை மகளை அடையாளம் கண்டு, ‘சித்தூர் ஜில்லா’ என்றும் சொல்லிவந்தவர் இன்று வினாவையே கவனிக்க இயலாமல் கிடக்கும்போது ‘இவர் எப்போதும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவது மற்றொன்று. முன்னது தேவையற்ற மருந்து; பின்னது கைவிடல். எவ்விடை அவருடைய வழக்கம், எது புதிய மாற்றம் என்று பிரித்தறிய, நோயோடு அவருடைய ஊரின் வரலாறும் தெரியவேண்டும்.

இந்திய நிலைக்கேற்பச் சோதனையை மாற்றவேண்டும் என்பது புதிய கருத்தன்று. அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவில்லாச் சிற்றூர் முதியோருக்காக இந்தியில் அமைத்த சோதனை 1995இல் வெளியாயிற்று. அதன் அடிப்படை நோக்கு, நோயாளி அறிய வாய்ப்பில்லாததைக் கேளாமை. திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பொருந்தும் நோக்கு அதனினும் ஒருபடி அப்பாற்பட்டது: நோயாளி அறிந்திருந்ததை நாம் அறிதல்.

மொழியும் இவ்வாறே. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர். பிற்காலத்தில் கற்ற மொழி மறதிநோயில் தளர்ந்து, குழந்தைப்பருவ மொழி மிஞ்சுவது பலரிடம் காணப்படும். தமிழில் கேட்ட வினாவுக்கு விடை வராவிடின் அது மனக்குழப்பம் என்று கொள்வதற்குமுன், ஒருமுறை தெலுங்கில் கேட்பது மருத்துவக் கடமை.

5. கும்மிடிப்பூண்டி: தொழிற்பேட்டையும் முகாமும்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த கும்மிடிப்பூண்டியைச் சிப்காட் தொழிற்பேட்டை மாற்றியமைத்தது. ஏரிப்பாசன நிலமாக இருந்த பகுதியில் எஃகு ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் எழுந்தன. வடமாநிலத் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். முதியோர் இளமையில் அறிந்த வயலும் வரப்பும் கண்முன் இல்லாத ஊர் இது. வீட்டின் இளையோர் முறைமாற்றுப் பணியில் இருப்பவர்கள். முதியவர் மருத்துவமனையில் சேரும்போது பகலில் ஒருவர், மாலையில் ஒருவர், இரவில் வேறொருவர் என்று உடனிருப்போரும் முறைமாறுகின்றனர். குழப்பம் மிகும் இரவு வேளையில், முதியவரின் இயல்பை நன்கறிந்தவர் ஆலையில் நிற்கிறார்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. 1983க்குப் பின்னும் 1990க்குப் பின்னும் ஏதிலியராக வந்தோர் பலர் தமிழக முகாம்களிலேயே முதுமை எய்தினர். முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்ற பெயர் 2021இல் அறிவிக்கப்பட்டது. 1990இல் 40 வயதில் வந்தவருக்கு இப்போது எழுபதைக் கடந்த வயது. ‘எந்த நாடு?’ என்னும் எளிய வினா அவருக்கு எளிதன்று. நள்ளிரவில் ‘படகு வந்துவிட்டதா?’ என்று அத்தகைய ஒருவர் கேட்பாராயின், அது பிதற்றலாகத் தோன்றினும் அதனுள் ஒரு வாழ்வு இருக்கும். அதனை அறிந்த செவிலியர் அச்சுறுத்தாமல் ஆறுதல் சொல்ல இயலும். அறியாதவர் கைகளைக் கட்ட நேரும். கட்டிவைத்தல் டெலிரியத்தின் தூண்டுகாரணம் என்பது மேலே கூறப்பட்டது.

6. உடனிருப்போர்

முதியோர் மருத்துவம் தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் 1978இல் முதியோர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறையின் முன்னோடி முயற்சி அது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் எலும்பு முறிவுக்கோ காய்ச்சலுக்கோ சேரும் முதியவர் பெரும்பாலும் முதியோர் பிரிவில் இருப்பதில்லை, பொதுப்பிரிவில் இருக்கிறார். தடுப்பு நிகழவேண்டிய இடம் அதுவே.

யேல் திட்டம் பயிற்சி பெற்ற தொண்டர்களை நம்பியது. தமிழக அரசு மருத்துவமனையில் அத்தொண்டர் முன்னரே படுக்கையருகே பாய் விரித்து அமர்ந்திருக்கிறார்: மகள், மருமகள், மனைவி, பேரன். செவிலியர் பற்றாக்குறையால் அனுமதிக்கப்பட்டவராகவும், நெரிசலாகவும், பார்வை நேரம் முடிந்ததும் வெளியேற்றப்பட வேண்டியவராகவுமே மருத்துவமனை அவரைக் கருதி வந்துள்ளது. உணவு வாங்கவும், மருந்துச் சீட்டோடு ஓடவும் அவர் பயன்படுகிறார். நோயாளியின் முன்னிலையை அறிந்த ஒரே சாட்சி அவர் என்பது ஏட்டில் பதிவாவதில்லை.

அவரிடம் கேட்கவேண்டியவை சில: ஒரு வாரத்திற்கு முன் இவர் எப்படி இருந்தார்? எந்த மொழியில் பேசுவார்? எந்த ஊரை, எந்த மாவட்டத்தைத் தம் ஊர் என்பார்? யாரைத் தேடுவார்? கண்ணாடியும் செவிக்கருவியும் எங்கே? தொலைந்துவிடும் என்றஞ்சி அவற்றை வீட்டிற்கு அனுப்பிவிடுவது பலர் வழக்கம். அதனால் முதியவர் காணாமலும் கேளாமலும் அந்நிய இடத்தில் விடப்படுகிறார். கழிப்பறைக்கு எழுப்பித் தொல்லை தரக்கூடாதென்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. இவ்விரண்டையும் மாற்ற ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல்லைச் சொல்லும் பொறுப்பு எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

7. முடிவுரை

இடமுணர்த்தல் என்பது முதியவரைத் திருத்துவதன்று. மறதிநோய் உடையவரிடம் ‘சித்தூர் இல்லை, திருவள்ளூர்’ என்று வலியுறுத்தினால் அச்சமே மிகும். அவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி நாம் இருக்கும் இடத்திற்கு அழைத்துவருவதே முறை: “ஆமாங்க ஐயா, நம்ம ஊர் அப்ப சித்தூர் ஜில்லாதான். இப்ப திருவள்ளூர் ஆஸ்பத்திரியில இருக்கீங்க. காய்ச்சலுக்காகச் சேர்த்திருக்கோம். உங்க பொண்ணு பக்கத்துலயே இருக்காங்க.” இந்நான்கு தொடர்களில் பழைய இடம், இன்றைய இடம், காரணம், உறவு நான்கும் அடங்கும். இதற்குச் செலவில்லை, ஆனால் முதல் தொடரைச் சொல்ல 1960ஐ அறிந்திருக்கவேண்டும்.

இதனால் எல்லாக் குழப்பமும் தடுக்கப்படும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தொற்றும் நீரிழப்பும் மருந்து விளைவும் தனித்தனியே தேடப்படவேண்டியவை. ஆனால் தேடத் தொடங்குவதற்கு முன், முதியவரிடம் மாற்றம் நிகழ்ந்துள்ளது என்று ஒருவர் கண்டு சொல்லவேண்டும். அவர் சொல்வதை மருத்துவமனை சான்றாக ஏற்கவேண்டும். சேர்க்கைத் தாளில் இப்போதைய முகவரிக்கு இடமுண்டு; நோயாளி தம் மனத்துள் வாழும் ஊருக்கும் மொழிக்கும் இரண்டு வரிகள் சேர்த்தல் இவ்வட்டாரத்திற்கு உடனடியாகச் செய்யத்தக்கது. மருத்துவக் கல்லூரி உள்ள மாவட்டத்தில், எல்லை வரலாறு கற்றோரும் மருத்துவம் கற்போரும் இணைந்து அவ்விரு வரிகளை வடிவமைக்கலாம்.

தலபுராணத்தில் ‘எவ்வுள்?’ என்று கேட்ட முதியவரை முனிவர் நகைக்கவில்லை. அவருடைய அறிவைச் சோதிக்கவுமில்லை. எழுந்து சென்று இடத்தைக் காட்டினார். அவ்வினாவால் பெயர்பெற்ற ஊரின் மருத்துவமனைகளில் அதே வினாவைக் கேட்கும் முதியோருக்கு அந்த அளவு விடையேனும் கிடைக்கவேண்டும்.